நியூட்ரலிலும் நகர மறுக்கும் வண்டி: எங்கே பிடிக்கிறது?

ஜூன் 3, இரவு 9.50 (வந்த கேள்வி)

"150 சிசி வண்டி அண்ணா, ஏழு வருஷம் ஆச்சு. முன்னால டிஸ்க், பின்னால டிரம். நியூட்ரல்ல வச்சுத் தள்ளினாலே மூச்சு வாங்குது. ஓட்டும்போது ஒரு குறையும் தெரியல. மைலேஜ் மட்டும் கொஞ்சம் இறங்கின மாதிரி இருக்கு. காத்து சரியா இருக்கு. மெக்கானிக், 'வண்டி பழசாயிடுச்சு, இறுக்கம் இருக்கத்தான் செய்யும்'ங்கிறார். நிஜமாவா?"

ஜூன் 3, இரவு 10.30

இல்லை தம்பி. பழசானால் தேயும், ஆடும், சத்தம் போடும். இறுகாது. இறுகுகிறது என்றால் எதையோ எதுவோ பிடித்துக்கொண்டிருக்கிறது.

முன் டிஸ்க்கைப் பார். நான் பார்த்த வண்டிகளில் பெரும்பாலும் அதுதான்.

ஜூன் 4, காலை

நேற்று அவசரத்தில் எழுதியதை விரித்துச் சொல்கிறேன். டிரம்மில் பிரேக் ஷூவைத் திரும்ப இழுக்க ஸ்பிரிங் இருக்கிறது. டிஸ்க்கில், அதை அமுக்கிப் பிடிக்கும் பேடைப் பின்னுக்கு இழுக்க அப்படி எதுவும் கிடையாது. பேடைத் தள்ளும் பிஸ்டனைச் சுற்றியிருக்கும் ரப்பர் வளையம் பிரேக் பிடிக்கும்போது லேசாக வளைந்துகொடுக்கும், விட்டதும் நிமிரும். அந்த நிமிர்வில் பிஸ்டன் ஒரு மயிரிழை உள்ளே போகிறது. அவ்வளவுதான் அதன் பின்வாங்கல். பிஸ்டனில் கொஞ்சம் அழுக்கோ துருவோ ஏறினால் அந்த மயிரிழையும் போய்விடும், பேட் டிஸ்க்கைத் தடவிக்கொண்டே இருக்கும்.

சென்டர் ஸ்டாண்டில் நிறுத்து. பின்பக்கத்தை ஒருவர் அமுக்கிப் பிடிக்கட்டும், முன் சக்கரம் தூக்கும். முன் பிரேக்கை ஒரு தடவை நன்றாகப் பிடித்து விட்டுவிட்டுக் கையால் சுற்று. பிரேக் பிடிக்காமல் சுற்றிப் பார்த்தால் பொய் சொல்லும், பிடித்து விட்ட பிறகுதான் உண்மை தெரியும். மெல்லிய உரசல் சத்தத்தோடு ஒன்றிரண்டு சுற்று வந்தால் சரி. கால் சுற்றில் நின்றால் பிடிக்கிறது.

பிடித்தால், பேடையும் பிஸ்டனையும் தாங்கும் காலிப்பரில் ஆயிலை வெளியே விட இருக்கும் பிளீடர் திருகைக் கால் சுற்று தளர்த்து. ஆயில் ஒரு சொட்டு வந்து சக்கரம் விடுபட்டால் கோளாறு மேலே: லீவர் பக்கத்தில் ஆயிலை அழுத்தும் மாஸ்டர் சிலிண்டரின் திரும்பு துளை அடைத்திருக்கும், அல்லது ஹோஸ் உள்ளே ஊதிப்போய் ஆயிலைப் போகவிட்டுத் திரும்பவிடாமல் இருக்கும். விடுபடாவிட்டால் கீழே: பிஸ்டன், அல்லது காலிப்பர் நகரும் பின்கள் காய்ந்திருக்கும். திருகை மூடிவிட்டு லீவர் கெட்டியாக இருக்கிறதா என்று பார்க்காமல் வண்டியை எடுக்காதே.

ஜூன் 4, மதியம்

எச்சரிக்கை ஒன்று விட்டுப்போயிற்று, என் செலவில் கற்றது. ஒரு தடவை பிஸ்டனைக் கழற்றிப் பெட்ரோலில் கழுவி, மூலையில் கிடந்த சாதாரண கிரீஸைப் பூசி மாட்டினேன். இரண்டு நாள் வெண்ணெய் மாதிரி ஓடியது. மூன்றாம் நாள் சக்கரம் அசையவில்லை. பிரேக்கின் ரப்பருக்குப் பெட்ரோலும் அந்த கிரீஸும் ஆகாது, ஊதிவிடும். ஊதிய வளையத்துக்குள் பிஸ்டன் சிக்கிக்கொண்டது. டாட் 3, டாட் 4 ஆயில் போடும் பிரேக்கில் பிஸ்டனுக்குத் தொட்டுக்கொள்ள வேண்டியது அதே பிரேக் ஆயில்தான். பின்களுக்கென்று தனி சிலிக்கான் கிரீஸ் இருக்கிறது.

பிஸ்டனை உள்ளே தள்ளும்போது மேலே டப்பாவில் ஆயில் நிறைந்திருந்தால் வழியும். டேங்க் பெயின்ட்டில் பட்டால் பெயின்ட் உரியும். இதுவும் நான் செய்ததுதான். அந்தத் தழும்பு இன்னும் இருக்கிறது.

ஜூன் 5

கேட்டவர் சுற்றிப் பார்த்துவிட்டார். முன் சக்கரம் ஒன்றரைச் சுற்று வருகிறதாம். அது சரியான அளவு.

இருந்தாலும் காலிப்பரைக் கழற்றிச் சுத்தம் செய்துவிடு என்றுதான் சொன்னேன்.

ஜூன் 7

சுத்தம் செய்தாயிற்று. வித்தியாசம் இல்லை. ஒரு நாள் வேலை வீண், அதற்கு நான்தான் பொறுப்பு. கையில் சுத்தியல் இருப்பவனுக்குப் பார்ப்பதெல்லாம் ஆணி என்பார்களே, எனக்குக் காலிப்பர்.

ஜூன் 7, இரவு

வேறொருவர் குறுக்கே கேட்டார்: "எனக்கும் இதே தொல்லை. காலையில் மட்டும்தான். மதியம் சரியாகிவிடுகிறது." எப்படித் தள்ளுகிறீர்கள் என்றேன். முதல் கியரில் கிளட்சைப் பிடித்துக்கொண்டாம்! ஐயா, அது வேறு கதை. கிளட்ச் தட்டுகள் ஆயிலில் மூழ்கியிருப்பவை. இரவெல்லாம் ஸ்பிரிங் அழுத்தத்தில் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு கிடக்கும், ஆயிலும் குளிரில் கெட்டியாக இருக்கும். லீவரைப் பிடித்தாலும் தட்டுகள் முழுசாக விலகுவதில்லை. நீங்கள் வண்டியோடு எஞ்சினையும் சேர்த்துத் தள்ளுகிறீர்கள். நியூட்ரலில் தள்ளுங்கள். நியூட்ரலில் லேசாகவும், கிளட்ச் பிடித்தால் கனமாகவும் எப்போதும் இருந்தால் கிளட்ச் கேபிளில் தொய்வு கூடிவிட்டதா என்று பாருங்கள். லீவர் நுனியில் 10 முதல் 20 மி.மீ. ஆட்டம் போதும்.

மழையில் நனைந்து இரண்டு நாள் நின்ற வண்டி முதல் தள்ளலில் 'டக்' என்று விடுபடுவதும் இதில் சேராது. ஷூ டிரம்மில் துருவோடு ஒட்டியிருக்கும். ஒரு தடவை விடுபட்டால் முடிந்தது.

ஜூன் 8

கனமாக இருக்கிறது, கனமாக இருக்கிறது என்கிறோம். எவ்வளவு கனம்? பயணப் பெட்டியை எடை போடக் கொக்கி வைத்த ஒரு சின்னத் தராசு உண்டே, அதைத் தேடி எடுத்தேன். முன் போர்க்கில் இரண்டு பக்கமும் கயிறு கட்டி, நியூட்ரலில் வைத்து, ஒருவர் வண்டியை நேராகத் தாங்க, இன்னொருவர் தராசைப் பிடித்துச் சமமான வேகத்தில் இழுக்க வேண்டும். கிளப்பும்போது எண் எகிறும், அதை விட்டுவிடு. உருளும்போது நிற்கும் எண்தான் வேண்டும்.

என் வண்டியில் 5.4 கிலோ. உன்னதை அளந்து சொல் தம்பி, எடையும் ஏறக்குறைய ஒன்றுதான், 140 கிலோ.

ஜூன் 9

அவருக்கு 9.3 வந்திருக்கிறது. "கண்டுபிடிச்சாச்சு அண்ணா, ரொம்ப அதிகம்" என்கிறார்.

பொறு. எந்தத் திசையில்? திருப்பி இழுத்துப் பார்.

ஜூன் 9, மாலை

எதிர்த் திசையில் 4.9!

வண்டி மாறவில்லை, தரைதான் சாய்வு. இரண்டையும் கூட்டிப் பாதியாக்கினால் 7.1, அது வண்டியின் இறுக்கம். வித்தியாசத்தில் பாதி 2.2, அது தரையின் பங்கு. 140 கிலோவுக்கு 2.2 என்றால் சாய்வு ஒரு டிகிரிகூட இல்லை. கண்ணுக்குச் சமதளம் மாதிரிதான் தெரியும். நல்ல நிலையில் காற்றடித்த டயர் உருள்வதற்கே வண்டி எடையில் நூற்றுக்கு ஒன்றரை முதல் இரண்டு பங்கு விசை கேட்கும். அதாவது இந்த வண்டிக்கு 2 முதல் 3 கிலோவுக்குள். கண்ணுக்குத் தெரியாத ஒரு டிகிரி மேடு அதை ஏறக்குறைய இரட்டிப்பாக்கிவிடுகிறது. வண்டி நிறுத்துமிடத்தில் உள்ளே தள்ளும்போது கனம், வெளியே எடுக்கும்போது லேசு என்றால் மெக்கானிக்கிடம் போகவேண்டாம்.

என் கணக்கு: அவர் 7.1, நான் 5.4. வித்தியாசம் 1.7 கிலோதான். செயினைக் கொஞ்சம் தளர்த்து, ரொம்ப அலட்டிக்கொள்ளாதே என்று எழுதிவிட்டேன்.

ஜூன் 10, காலை 6.15

மேலே சொன்னதை அழிக்கவேண்டும். அழிக்காமல் விடுகிறேன், யாருக்காவது பாடமாக இருக்கட்டும்.

இரவு தூக்கம் வரவில்லை. என் வண்டிக்கு ஏன் 5.4? டயரும் உருளலும் 3 கிலோவைத் தாண்டக்கூடாது. மிச்சம் எங்கே போகிறது? விடிந்ததும் காற்றை அளந்தேன். முன்னால் 14 பிஎஸ்ஐ, பின்னால் 20. ஊருக்கெல்லாம் வைத்தியம் சொல்பவன் வண்டியில் காற்று இல்லை. முன்னால் 25, பின்னால் 28 அடித்து, இரண்டு திசையிலும் இழுத்தேன்: 3.3.

ஆகவே தம்பி, உன் 7.1 என்பது நல்ல வண்டியைவிடக் கொஞ்சம் கூடுதல் இல்லை, இரண்டு மடங்குக்கும் மேல். நோயாளியோடு நோயாளியை ஒப்பிட்டுவிட்டேன். நீயும் 'காத்து சரியா இருக்கு' என்றாயே, அளந்தாயா, அமுக்கிப் பார்த்தாயா?

ஜூன் 10, காலை 9

அளந்தாராம். சரியாகத்தான் இருக்கிறதாம். எனக்குத் தேவைதான் இது.

ஜூன் 11

இனிப் பின்பக்கம். ஸ்டாண்டில் போட்டுப் பின் சக்கரத்தைச் சுற்றினால் அரைச் சுற்றில் நிற்கிறது என்கிறார். பின் சக்கரம் செயினையும், கியர் பெட்டியின் வெளித்தண்டையும் இழுத்துக்கொண்டு சுற்றுவது, அதனால் முன்னது அளவுக்கு லேசாக இருக்காது. ஆனாலும் அரைச் சுற்று குறைவு.

செயினின் கீழ்ப்பக்கத்து நடுவில் விரலால் மேலும் கீழும் தூக்கிப் பார்க்கச் சொன்னேன். 8 மி.மீ. ஆட்டம்தானாம். இந்த மாதிரி வண்டிகளில் பொதுவாக 20 முதல் 30 வரை இருக்கவேண்டும், சரியான அளவு பெரும்பாலும் செயின் கவரிலோ, பின் சக்கரத்தைத் தாங்கும் ஸ்விங் ஆர்மிலோ ஒட்டியிருக்கும். செயின் சத்தம் போட்டால் இறுக்கு, இறுக்கு என்று இறுக்கிக்கொண்டே போவது ஒரு வியாதி. ஸ்டாண்டில் நிற்கும்போது 8 என்றால் ஆள் ஏறி உட்கார்ந்தால் அதுவும் இருக்காது. ஸ்விங் ஆர்ம் மேலே எழும்போது, முன் பல்சக்கரம், ஸ்விங் ஆர்ம் முளை, பின் ஆக்சில் மூன்றும் ஒரே கோட்டில் வரும் நேரத்தில்தான் செயின் அதிகம் விறைக்கும். அங்கே தொய்வு மிஞ்சவில்லை என்றால் கியர் பெட்டியின் வெளித்தண்டு பேரிங்தான் அடி வாங்கும்.

ஒரே இடத்தில் அளக்காதே. சக்கரத்தை முழுசாகச் சுற்றி நாலைந்து இடத்தில் பார். செயின் சமமாகத் தேய்வதில்லை. அதிகம் விறைப்பான இடத்தை வைத்துத்தான் தொய்வு விடவேண்டும்.

ஜூன் 12

தொய்வு 25 வைத்து, செயினுக்கு ஆயில் விட்டதும் 7.1 என்பது 6.2 ஆகியிருக்கிறது. இன்னும் 3 கிலோ எங்கோ ஒளிந்திருக்கிறது.

பின் பிரேக் கம்பியின் நட்டைக் கழன்று விழும் அளவுக்குத் தளர்த்திப் பார்த்தார். 6.0. பிரேக் இல்லை. (நட்டைத் திரும்ப முடுக்கினாயா தம்பி? பெடலில் 20 முதல் 30 மி.மீ. ஆட்டம் வைத்து, ஒரு தடவை மிதித்துப் பார்த்துவிட்டு எடு.)

ஜூன் 12, இரவு

சும்மா உட்கார்ந்து போட்ட கணக்கு. 'ஓட்டும்போது ஒரு குறையும் தெரியல' என்றாரே, அது எப்படி? 7.1இல் 3.3 போனால் கூடுதல் இழுவை 3.8 கிலோ, ஏறக்குறைய 37 நியூட்டன். மணிக்கு 40 கி.மீ. வேகத்தில் அது 400 வாட்டுக்குக் கொஞ்சம் மேல். அரைக் குதிரைத்திறன். பன்னிரண்டு பதின்மூன்று குதிரைத்திறன் எஞ்சினுக்கு அரை என்பது சுண்டுவிரல் வேலை, ஆக்சிலரேட்டரை ஒரு இழை கூடுதலாகத் திருகுவோம், கைக்கே தெரியாது. ஆனால் அந்த வேகத்தில் ஓட மொத்தமே ஒன்றரை இரண்டு குதிரைத்திறன்தான் தேவை, அதில் அரை கூடினால் மைலேஜ் இறங்காமல் என்ன செய்யும். தள்ளும் கைக்குத் தெரிவது ஓட்டும் கைக்குத் தெரியாமல் போவது இதனால்தான்.

அப்புறம், 400 வாட் எங்கே போகும்? சூடாகத்தான் போகவேண்டும். அரை இஸ்திரிப் பெட்டி.

ஜூன் 13

அதைப் படித்துவிட்டு அவர் எழுதுகிறார்: "பின் சக்கரத்தின் நடுப்பகுதி எப்பவும் சூடாத்தான் இருக்கும் அண்ணா. டிரம் பிரேக்னா அப்படித்தான்னு நினைச்சேன்."

அடப்பாவி. இதை மூன்றாம் தேதியே சொல்லியிருந்தால் நான் உன் காலிப்பரைத் தொட்டிருக்கவே மாட்டேன். சரி, நானும் கேட்கவில்லை. முதல் கேள்வியாக இருந்திருக்கவேண்டியது அது: பிரேக்கை முடிந்தவரை தொடாமல் நாலு கி.மீ. ஓட்டிவிட்டு, முன் டிஸ்க், பின் டிரம், ஆக்சில் நட்டைச் சுற்றிய பகுதி மூன்றிலும் தண்ணீர் தெளி. விரலை வைக்காதே. எது சுர்ரென்கிறதோ அங்கேதான் திருடன்.

ஒரு கேள்வி. பின் சக்கர பேரிங் எப்போதாவது மாற்றினார்களா?

ஜூன் 13, மாலை

மாற்றினார்களாம். எட்டு மாதத்துக்கு முன்னால். கனமும் ஏறக்குறைய அப்போதிருந்துதானாம். "படிப்படியா வந்தது மாதிரி இருந்தது" என்கிறார். பழகிவிட்டால் அப்படித்தான் தோன்றும்.

எனக்கு இப்போது ஒரே சந்தேகம். சக்கரத்தின் நடுவில் இருக்கும் ஹப்புக்குள் இரண்டு பக்கமும் ஒவ்வொரு பேரிங். இரண்டுக்கும் நடுவில் ஆக்சில் மேல் ஒரு குழாய் இருக்கும், ஸ்பேசர் என்பார்கள். பார்த்தால் ஒன்றுமில்லாத இரும்புக் குழாய்தான். ஆனால் ஆக்சில் நட்டை முடுக்கும்போது அந்த விசை முழுவதும் ஒரு பேரிங்கின் உள்வளையத்திலிருந்து இன்னொன்றின் உள்வளையத்துக்கு இந்தக் குழாய் வழியாகத்தான் போகவேண்டும். குழாய் இல்லாவிட்டால், அல்லது அரை மி.மீ. குட்டையாக இருந்தால், நட்டை முடுக்க முடுக்க இரண்டு உள்வளையங்களும் உள்நோக்கி நகர்ந்து குண்டுகளைப் பக்கவாட்டில் நசுக்கும். பேரிங் புதுசு, கிரீஸ் புதுசு, சக்கரம் மட்டும் சுற்றாது.

பேரிங்குக்கு எண் உண்டு. 6301 என்று பொறித்திருந்தால் உள்துளை 12 மி.மீ., வெளிவிட்டம் 37 என்று யாரும் வாங்கி வந்துவிடலாம். குழாயில் அப்படி எண் எதுவும் இருக்காது. பழைய பேரிங்கைத் தட்டி எடுக்கும்போது உருண்டு எங்காவது போயிருக்கும்.

சோதனை: செயினைக் கழற்று. சக்கரத்தைச் சுற்றி எத்தனை சுற்று என்று எண்ணு. ஆக்சில் நட்டை அரைச் சுற்று தளர்த்தி மறுபடி எண்ணு.

ஜூன் 13, இரவு 11

மேலே சொன்னதில் ஓர் ஓட்டை. டிரம் பிரேக்கில் ஷூக்களைத் தாங்கும் தட்டும் அதே ஆக்சிலில்தான் நெருக்கப்பட்டிருக்கிறது. நட்டைத் தளர்த்தினால் தட்டு கொஞ்சம் அசைந்து ஷூவும் விலகலாம், அப்போது பழி பேரிங்குக்குப் போகும். ஆகவே பிரேக் கம்பி நட்டை முதலில் முழுசாகத் தளர்த்திவிட்டு, அதற்கப்புறம் எண்ணு. நட்டு தளர்ந்த வண்டியை ஸ்டாண்டை விட்டு இறக்காதே.

ஜூன் 14

நட்டு இறுக்கமாக இருக்கும்போது முக்கால் சுற்று. அரைச் சுற்று தளர்த்தியதும் ஒன்பது சுற்று.

"கையை எடுத்த பிறகும் சுத்திக்கிட்டே இருந்தது அண்ணா, பார்த்துக்கிட்டே நின்னேன்" என்று எழுதியிருக்கிறார். எனக்கும் பார்க்கவேண்டும் போல இருந்தது.

ஜூன் 15

சக்கரத்தைக் கழற்றி ஒரு பக்கம் விரல் விட்டுப் பார்த்தால் மறுபக்கம் வரை வெற்றிடம். குழாயே இல்லை. எட்டு மாதம் நசுங்கிய பேரிங்குகள் இரண்டும் கையால் சுற்றினால் மணல் போட்டு அரைப்பது மாதிரி இருக்கின்றன. அவற்றை வீசிவிடு, குழாயை மட்டும் போட்டுச் சமாளிக்காதே.

முதல் நாள் நான் எழுதிய 'பழசானால் இறுகாது' என்பதற்கும் இங்கேயே ஒரு திருத்தம். பேரிங்கின் சீல் போய்த் தண்ணீர் இறங்கித் துருப்பிடித்தால் அதுவும் பிடிக்கத்தான் செய்யும். மெக்கானிக் சொன்னதில் கால் பங்கு உண்மை இருக்கலாம். இந்த வண்டியில் இல்லை.

ஜூன் 15, பின்னிரவு

மின்சார ஸ்கூட்டர் வைத்திருப்பவர் ஒருவர், தன் வண்டியும் தள்ளக் கனமாக இருப்பது ஏன் என்று கேட்டார். சக்கரத்துக்குள்ளேயே மோட்டார் இருக்கும் வகையில் காந்தம் இழுப்பதால் கொஞ்சம் தடை எப்போதும் இருக்கும். திடீரென்று மிகக் கனமாகிவிட்டால், பிரேக்கைப் பார்த்த பிறகு, ஸ்விட்சை அணைத்துவிட்டு மோட்டாருக்கும், அதற்கு மின்சாரத்தை அளந்து அனுப்பும் கன்ட்ரோலருக்கும் நடுவில் போகும் மூன்று தடித்த வயர்களைக் கழற்றி, முனைகள் ஒன்றையொன்று தொடாமல் வைத்துத் தள்ளிப் பாருங்கள். லேசாகிவிட்டால் கன்ட்ரோலருக்குள் ஷார்ட். மோட்டார் தன் மின்சாரத்தாலேயே தன்னைப் பிடித்துக்கொண்டிருக்கிறது. எனக்கு இந்த வகைக் கோளாறு பெட்ரோல் வண்டிக் கோளாறுகளைவிட அழகாகத் தோன்றுகிறது, சரி செய்யச் செலவு வேறு மாதிரி இருக்கலாம்.

ஜூன் 17

வண்டி பற்றி எழுதிய அளவுக்கு ஆள் பற்றி எழுதவில்லை. சிலர் வண்டியைத் தம்மிடமிருந்து விலக்கிச் சாய்த்துக்கொண்டு ஹேண்டிலை மட்டும் பிடித்துத் தள்ளுகிறார்கள். 140 கிலோ வண்டி 5 டிகிரி சாய்ந்தாலே அதை விழாமல் தாங்க ஹேண்டிலில் 7 கிலோ அளவுக்கு இழுக்கவேண்டும். உருளுவதற்கு வேண்டியதைவிட அது அதிகம். இடது பக்கம் நின்று, சீட் இடுப்பில் படும்படி சற்றே தன் பக்கம் சாய்த்து, ஒரு கை ஹேண்டிலில், ஒரு கை பின் கைப்பிடியில். கை தாங்கவேண்டாம், இடுப்பு தாங்கும்.

ஜூன் 21

புதுக் குழாய், புதுப் பேரிங் இரண்டு. ஒரு திசையில் 5.8, எதிர்த் திசையில் 1.4. சராசரி 3.6. தரை அதே 2.2 சாய்வில்தான் இருக்கிறது, அதை யாரும் சரி செய்யவில்லை.

என்னுடையதைவிட 0.3 அதிகம். அது முன் காலிப்பராக இருக்கலாம் என்று எழுத வந்தேன். எழுதவில்லை.